கட்டணமும் பயிற்றுநர் எண்ணிக்கையும்: ஒரு திருத்தம்

"மலிவான ஸ்கூபா (காற்று உருளையுடன் கடலில் முழுகுதல்) நிறுவனங்கள் ஒரே பயிற்றுநரிடம் எத்தனை பேரை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம்" என்று சொல்லப்படுவது சரியன்று. பாடி (PADI) என்னும் ஸ்கூபா பயிற்சி அமைப்பின் கீழ் இயங்கும் எந்த நிறுவனமும், அதன் கட்டணம் எதுவாயினும், ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பயிற்சியில் கடலுக்குள், சான்று பெற்ற உதவியாளர் இல்லாத ஒரு பயிற்றுநருக்கு 8 மாணவர்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது. முதன்முறை முழுகிப் பார்ப்பவர்களுக்கான அறிமுக முழுக்கில் வரம்பு 4 பேர்தான் (கடல் கலங்கியிருந்தால் அதையும் குறைக்க வேண்டும்). ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்களை வழிகாட்டி அழைத்துச் செல்லும் முழுக்குகளுக்கு இந்த வரம்புகள் பொருந்தா என்பதால், கூடுதல் கட்டணம் சிறிய குழுவாகவும் நெரிசலற்ற படகாகவும் பலன் தருவது பெரும்பாலும் அங்கேதான். ஆனால் படகில் அவசரகால ஆக்சிஜன் இருக்கிறதா, ரெகுலேட்டர் (உருளையிலிருந்து காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) கடைசியாக எப்போது சர்வீஸ் செய்யப்பட்டது என்பவற்றை விலைப்பட்டியல் சொல்லாது. மலிவான நிறுவனம், கட்டணம் கூடிய நிறுவனம் ஆகிய இரு வகையினரிடமும் கேட்டே அறிய வேண்டும்.