ஸ்டாப்பிங்கில் இறங்கும்போது ஏன் விழுகிறார்கள்?

பஸ்ஸில் இருந்து விழுந்து ஒருவருக்கு அடிபட்டது என்று செய்தி வந்தாலே நாம் எல்லோரும் படியில் தொங்கும் பசங்களைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறோம். சரி, தொங்கக் கூடாதுதான், மோட்டார் வாகனச் சட்டத்தின் 123வது பிரிவே அதைத் தடை செய்கிறது. ஆனால் தன் ஸ்டாப்பிங் வந்ததும் எழுந்து, கூட்டத்தை விலக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு முறையாக இறங்கும்போதே விழுகிறார்களே வயதானவர்கள், அவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என் கோபம் அதில்தான்.

போன மாதம் வடபழனி பக்கம் கண்ணால் பார்த்தேன். ஸ்டாப்பிங்கை அடைத்தபடி ஷேர் ஆட்டோக்கள் நின்றதால் பஸ் நடு ரோட்டிலேயே நின்றது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் கம்பி. ஒரு கால் கீழ்ப்படியில் இருக்கிறது, மற்ற கால் இன்னும் தரையைத் தொடவில்லை, அதற்குள் விசில். வண்டி குலுங்கி நகர, கம்பி கையை விட்டு உருவிக்கொண்டு போக, பக்கவாட்டில் விழுந்தார். தக்காளி எல்லாம் ரோட்டில் உருண்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தவரிடம் பைக்கில் வந்த ஒருவர் சொன்னது, "பார்த்து இறங்கக் கூடாதாம்மா?"

அந்த அம்மா பார்த்துத்தான் இறங்கினார். பார்க்காதது மற்றவர்கள். வண்டி நகரும்போது தரையில் பட்ட கால் அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் வண்டியோடு முன்னால் போகும், அந்த வயதில் அதைச் சமாளிக்க நாலு எட்டு ஓட முடியுமா? முன் வாசலில் விழுந்தால் இன்னும் மோசம், பின் சக்கரம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். நடத்துனரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நெரிசல் நேரத்தில் பின்னால் இருப்பவருக்கு முன் வாசல் படி எப்படித் தெரியும்? தெரியாத இடத்தை நம்பி விசில் ஊத வேண்டிய நிலையில் அவரை வைத்திருப்பதுதான் தப்பு. கதவு மூடினால்தான் வண்டி நகரும் என்ற ஏற்பாடு எல்லா பஸ்ஸிலும் இருக்க வேண்டும், இருந்தால் மட்டும் போதாது, அது வேலையும் செய்ய வேண்டும்.

இந்த ஊரில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. தண்டவாளத்தை விட்டு டிராம் ஓரத்துக்கு வர முடியாது, அதனால் இறங்குகிறவர் ரோட்டில் கால் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்றைக்கும் டிராம் ஓடுகிற மெல்போர்னில், பயணிகள் ரோட்டில் இறங்க வேண்டிய நிறுத்தங்களில் டிராம் நின்றால் பின்னால் வரும் கார் நின்றே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். பல நிறுத்தங்களில் டிராமின் தரை மட்டத்துக்கே மேடை கட்டிவிட்டார்கள். நம்ம பஸ்ஸுக்கு ஸ்டீயரிங் இருக்கிறது, ஓரத்துக்கு வர முடியும். வர இடம் விடுவதில்லை. அப்புறம் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பைக்குகள் புகுந்து வருகின்றன, இறங்குகிறவர் இடது பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குதிக்க வேண்டியிருக்கிறது.

2024ல் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வந்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பழைய மாதிரி பஸ்ஸில் தரை கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர் உயரம், இதில் 400தான், நின்ற பிறகு இடது பக்கமாக இன்னும் கொஞ்சம் தாழவும் செய்யும். ஆனால் அது நடைபாதையை ஒட்டி நின்றால்தானே பலன்? ஆட்டோ, கார், தள்ளுவண்டி எல்லாம் ஸ்டாப்பிங்கில் நின்றால் எவ்வளவு நல்ல பஸ் வாங்கியும் முழங்கால் வலிக்காரர் ரோட்டில்தான் இறங்க வேண்டும். புது பஸ்ஸுக்குச் செலவு செய்கிற அக்கறையில் கொஞ்சத்தை ஸ்டாப்பிங்கை காலியாக வைப்பதிலும் காட்டுங்கள் என்றுதான் போக்குவரத்து போலீஸையும் மாநகராட்சியையும் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் எல்லோரும் செய்யலாம். யாராவது இப்படி விழுந்தால் தூக்கிவிடுவதோடு நிற்காமல் பஸ்ஸின் பதிவு எண்ணையும் நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது வெறுமனே "கால் தவறி விழுந்தேன்" என்று சொல்லிவிடுகிறார்கள், பிறகு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த ஒரு வரியே எதிராக நிற்கும். இறங்கி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்தது என்றால் அதை அப்படியே சொல்ல வேண்டும். டிக்கெட்டையும் கசக்கிப் போடாதீர்கள், பெண்களுக்குக் கொடுக்கிற கட்டணமில்லா டிக்கெட்டாக இருந்தாலும் அந்த பஸ்ஸில் வந்ததற்கு அதுதான் கையில் இருக்கிற சாட்சி.