பருப்பிலும் புரதம் இருக்கிறது

‘ரொட்டியும் பருப்பும் வெறும் மாச்சத்து, புரத பவுடர் குடிக்காவிட்டால் உடம்பு தேறாது’ என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. சரியில்லை. 100 கிராம் வேகாத மைசூர் பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். அவித்தால் தண்ணீர் ஏறி 100 கிராமுக்கு 9 ஆகத் தெரியும். புரதம் எங்கும் ஓடிவிடவில்லை. கோதுமை மாவில் லைசின் (உடம்புக்கு அவசியமான ஒரு புரதக் கூறு) குறைவு, பருப்பில் தாராளம். தேயிலைத் தோட்டத்து லயத்து அடுப்பில் அந்த ஜோடி எப்போதோ சேர்ந்துவிட்டது! வளர்ந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 50 கிலோ என்றால் சுமார் 42 கிராம். ஆனால் வெறும் ரொட்டி, சம்பல், தேத்தண்ணியோடு மலைக்கு வேலைக்குப் போனால் அது எட்டாது, ஒத்துக்கொள்கிறேன். பவுடர் டின்னுக்குக் கொடுக்கும் காசில் முட்டை, கௌபி (தட்டைப்பயறு), நெத்தலிக் கருவாடு வாங்கலாம்.