கோவணம் கட்டிய தொரை

காலரா வந்து செத்துக்கொண்டிருந்தவர்களின் பாய்க்கு அடியில்தான் அவர் தன் படங்களை ஒளித்து வைத்தார். காவலுக்கு நின்ற ஜப்பானியர்களுக்கு வேறு எதைக் கண்டும் பயமில்லை, காலராவென்றால் மட்டும் பயம். அந்தக் குடிசைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முகாமில் படம் வரைவது தடை. கையில் காகிதத்தோடு அகப்பட்டால் அடி உதையோடு போகலாம், உயிரே போகலாம். சாகக் கிடப்பவனின் முதுகுக்குக் கீழே இருப்பதைவிடப் பத்திரமான இடம் அந்தக் காட்டில் கிடையாது.

அவர் ரொனால்ட் சேர்ல். 1920இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர், ஓவியம் படித்த பையன். பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சேர்ந்து 1942 ஜனவரியில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஊரைச் சரியாகப் பார்ப்பதற்குள் கைதி. சிங்கப்பூரிலேயே சாங்கி முகாம், 1943இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டில் ரயில் பாதை வேலை, மறுபடி சாங்கி என்று மூன்றரை வருடம். மலேரியாவும் சத்துக்குறைவில் வரும் பெரிபெரியும் மாறி மாறி வந்தன. அத்தனைக்கும் நடுவில் வரைந்ததில் சுமார் 300 படங்கள் மிஞ்சின. இன்று அவை லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கின்றன. பின்னாளில் அடங்காத பள்ளிச் சிறுமிகளை வைத்து அவர் வரைந்த கேலிச்சித்திரங்களால் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். அந்த வேடிக்கைப் படங்களைத் தெரிந்த பலருக்கு இந்தப் படங்களைத் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு நண்பர் சேர்லின் படம் ஒன்றைப் பகிர்ந்து, "கலை மனிதனைக் காப்பாற்றும்" என்று மேலே எழுதியிருந்தார். கீழே வரிசையாக இதயக்குறிகள், கைகூப்பல்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் நல்ல மனிதர், அவர்மேல் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருந்தவன் காப்பாற்றப்படவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய, வாய் திறந்தபடி காலராவில் செத்துக்கொண்டிருந்தான். கலை அங்கே யாரையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. அவனைப் போன்றவர்கள் படுத்துக்கிடந்ததால்தான் கலை தப்பித்தது.

போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வரைந்ததையெல்லாம் இப்போது "மனக்காயத்துக்கு மருந்து" என்றே பேசுகிறார்கள். வீடு திரும்பிய பிறகு வரைவதற்கு அது பொருந்தலாம். தூங்க முடியாதவனுக்குத் தூரிகை உதவினால் நல்லதுதானே. ஆனால் முகாமுக்குள்ளேயே வரைந்தவர்களை அந்தப் பெட்டியில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஆறுதலுக்காக மட்டும் வரைந்திருந்தால் ஒளித்து வைத்திருக்க வேண்டியதில்லை. வரைந்து முடித்ததும் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆறுதல் கிடைத்திருக்கும். உயிரைப் பணயம் வைத்து மூன்று வருடம் காத்தார்கள் என்றால், என்றாவது ஒருநாள் யாரிடமாவது காட்டுவதற்காகத்தான். "இதோ பார், இப்படித்தான் நடந்தது" என்று சொல்ல.

ஜாக் சால்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பீரங்கிப் படையில் இருந்தவர். போருக்கு முன்பே லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படிக்க உதவித்தொகை கிடைத்தும் போக முடியாமல் போனவர். ஒருமுறை காவலனிடம் படங்களோடு அகப்பட்டு, படங்கள் கிழிபட, கடுமையாக அடிவாங்கினார். அப்புறமும் வரைந்தார். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப்போடு முகாம் ஆஸ்பத்திரிகளில் இருந்தபோது அவர் வரைந்தவை கிட்டத்தட்ட மருத்துவப் பாடநூல் படங்கள். காட்டில் மூங்கில் கீறிய சின்னக் காயம் சில நாளில் கால் முழுக்க அழுகிய புண்ணாகும். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை எலும்பு வெளியே தெரியும். அந்தச் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள், மயக்க மருந்து கிடையாது. சால்க்கர் அதை வரைந்திருக்கிறார். காலை வெட்டியதை வரைந்திருக்கிறார். வெட்டியவனுக்கு முகாமிலேயே செய்துகொடுத்த கட்டைக்காலையும் அளவு பிசகாமல் வரைந்திருக்கிறார். எங்கேயும் அழுகை இல்லை. நிறம்கூட இதமான நீர்வண்ணம். முதலில் அழகாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள், பிறகுதான் பார்ப்பது என்ன என்று உறைக்கும். இவற்றை மூங்கில் குழாய்க்குள் போட்டு மண்ணில் புதைத்தார், கூரைக் கீற்றுக்குள் செருகினார்.

லியோ ராலிங்ஸ் என்று இன்னொருவர். தூரிகைக்குத் தன் தலைமயிர், வண்ணத்துக்குக் களிமண்ணும் செடிச் சாறும். இதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், அதனாலேயே நான் அதிகம் சொல்வதில்லை. மயிரில் செய்த தூரிகையைப் பற்றிப் பேசிப் படத்தை மறந்துவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வ போர் ஓவியர் மரே கிரிஃபினும் சாங்கியில் கைதியாக இருந்தார். ஆனால் அவர் ரயில் பாதைக்கு அனுப்பப்படவில்லை. திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டு வரைந்தார். கைதேர்ந்த கை, நல்ல ஓவியங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சேர்லின் அவசரக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எனக்கு அவை ஒரு படி தள்ளி நிற்கின்றன. சேர்லின் கோட்டில் நேரமில்லாமை தெரியும். யாரோ வருகிறார்கள், மடித்து வை என்று பின்னால் ஒரு குரல் கேட்பது போல. இது என் பிரமையாகவும் இருக்கலாம்.

சரி, இதெல்லாம் எனக்கு எதற்கு?

எங்கள் பாட்டியின் மூத்த அண்ணன் சயாமுக்குப் போனவர். மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை, தோட்டங்களில் வேலையில்லை, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அப்போதுதான் ஆள் பிடித்தார்கள். கொஞ்ச மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு என்று கணக்கெழுதும் கிராணியும் வேலை வாங்கும் கங்காணியும் சொன்னார்களாம். அதை நம்பிப் போனவர்கள் பாதி, பிடித்து லாரியில் ஏற்றப்பட்டவர்கள் பாதி. அவர் எந்தப் பாதி என்று பாட்டிக்குத் தெரியாது, அவளுக்கு அப்போது பத்து வயதிருக்கும். எங்கள் வீட்டில் "சயாமுக்குப் போயிட்டாரு" என்றால் செத்துவிட்டார் என்று அர்த்தம். ரொம்ப நாள் கழித்துத்தான் சயாம் என்பது ஒரு நாட்டின் பெயர் என்று எனக்குத் தெரிந்தது.

பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தானதால் ஜப்பான் போட்ட ரயில் பாதை அது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தது. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கு மேல், செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியக் கூலிகள் சுமார் இரண்டு லட்சம் என்கிறார்கள். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர். செத்தவர்கள் 90,000 இருக்கும் என்று ஒரு கணக்கு, அதற்கு மேல் என்றும் சொல்வார்கள். கைதிகளில் செத்தவர்களுக்கு ஆள் ஆளாகக் கணக்கு உண்டு. நம் ஆள்களுக்குக் கணக்கே ஆயிரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கைதிகளுக்கு அங்கே எதுவும் இல்லையென்றாலும் படை ஒழுங்கு என்று ஒன்று மிஞ்சியிருந்தது. அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று அதட்ட ஆள் இருந்தது, யார் செத்தார் என்று எழுதிவைக்க ஒருவர் இருந்தார். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அது ஒன்றும் கிடையாது. சிலர் பெண்டு பிள்ளைகளோடு போயிருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலி முகாம்கள் அப்படியே படுத்துவிட்டன. அங்கே யார் வரைவது? எழுதப் படிக்கத் தெரிந்தவரே குறைவு. காகிதத்தையே கண்ணில் பார்த்திருக்க மாட்டார்கள். பாய்க்கு அடியில் ஒளித்து வைக்க எதுவும் இல்லாதவர்கள்.

அதனால் நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், அந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வரைந்ததுதான் எங்கள் வீட்டுச் சாவுக்கும் படம். அதே பாதை, அதே மழை, அதே காலரா, அதே காவலன் முகம். என் பாட்டியின் அண்ணன் கடைசியாகப் பார்த்த காடு எப்படியிருந்தது என்று தெரிய வேண்டுமானால் நான் கேம்பிரிட்ஜ் பையன் ஒருவனின் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இதை ஒருமுறை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் கோபப்பட்டார். "அவங்க அவங்க ராஜ்ஜியத்தக் காப்பாத்த வந்தவங்க. நம்மளக் கூலியாக் கொண்டுவந்ததே அவங்கதான். அவங்க படத்த நாம ஏன் கொண்டாடணும்?" பாதி நியாயம். உலகம் இந்தப் பாதையைக் கைதிகளின் கதையாகவே தெரிந்துவைத்திருக்கிறது. 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற அந்தப் பிரபல ஹாலிவுட் படத்தை இலங்கையில் கித்துல்கலையில் போய் எடுத்தார்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், அவற்றில் தமிழர்கள். கதைக்குள் மட்டும் செத்த தமிழனுக்கு இடமில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கொண்டாடு என்று நான் சொல்லவில்லையே, பார் என்கிறேன். படத்தை வரைந்தவன் எந்தக் கொடிக்குக் கீழே வந்தான் என்பது ஒரு விஷயம், அவன் கண் எதைப் பார்த்தது என்பது இன்னொன்று. கைதிகளில் மருத்துவம் தெரிந்த சிலரைக் கூலிகளின் ஆஸ்பத்திரிகளுக்கும் ஜப்பானியர் அனுப்பினார்கள். நம் ஆள்கள் எப்படிச் செத்தார்கள் என்பதில் கொஞ்சமாவது எழுத்தில் நிற்கிறதென்றால் அதில் அவர்களுக்கும் பங்குண்டு.

பாட்டிக்கு எண்பதுக்கு மேல் ஆனபோது சேர்லின் படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாரு இது?"

"வெள்ளைக்காரங்க பாட்டி. சயாம்ல கைதியா இருந்தவங்க."

"தொரையா? கோவணம் கட்டியிருக்கான்!"

சிரித்தாள். அடக்க முடியாத சிரிப்பு, இருமல் வந்துவிட்டது. அவள் பார்த்த தோட்டத்துத் தொரை வெள்ளைச் சட்டை, முட்டிவரை காலுறை, கையில் பிரம்பு. லயத்துப் பக்கம் அவன் வந்தால் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள். அவன் கோவணத்தோடு எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பதை எழுபது வருடம் கழித்துப் பார்க்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "தொரைக்கே இந்தக் கெதின்னா எங்கண்ணன் என்னா ஆயிருப்பான்."

அதற்குமேல் எதுவும் பேசவில்லை. தேநீர் கேட்டாள்.

நான் எத்தனையோ ஓவிய விமர்சனம் படித்திருக்கிறேன். சேர்லின் படத்தை இவ்வளவு சரியாகப் படித்தவரைப் பார்த்ததில்லை.

பாட்டி இறந்த பிறகு, தாய்லாந்தில் அந்த ரயில் பாதை போகும் காஞ்சனபுரிக்குப் போய்வந்தேன். கைதிகளின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். கத்தரித்த புல், பூச்செடி, ஒவ்வொரு பலகையிலும் பெயர், வயது, படைப்பிரிவு. இருபத்து மூன்று, இருபத்தொன்று, இருபத்தைந்து என்று படித்துக்கொண்டே போனேன். அவர்கள்மேல் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? செத்தவர்கள்மேல் பொறாமை. 2023இல் அதே ஊரில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் தமிழர்களுக்காக நடுகல் நாட்டினார்கள். ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் உருவத்தையும் செதுக்கிய இனம் நாம். எண்பது வருடம் தாமதமானாலும் கல்லாவது வந்ததே என்றிருந்தது. செதுக்க உருவம்தான் இல்லை.

பாட்டியின் அண்ணன் எங்கே விழுந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு புகைப்படம்கூட இல்லை. தோட்டத்தில் அந்தக் காலத்தில் யார் படம் எடுத்தார்கள்? அதனால் சேர்லின் படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து, வீட்டில் பாட்டி படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று கொண்டுவந்தேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இறந்தவர் முகம் யாருடையது என்று தெரியாமல் மாலை போடக்கூடாது என்கிறார். மாலை போட வேண்டாம், சும்மா மாட்டுவோம் என்றேன். சுவரில் இருந்தால் வெள்ளிக்கிழமை என் கை தானாகப் பூ வைத்துவிடும், வேண்டாம் என்றார்.

இரண்டு மாதமாகிறது. படம் சுருட்டியபடி பீரோமேல் இருக்கிறது.