ரெண்டு தடவை பொரித்த கோழி

கார்த்தி: கொஞ்சம் பொறுங்கள் மாமா. இந்தக் கொரியன் ஹோட்டலில் கோழியை ரெண்டு தடவை பொரிப்பார்கள், அதனால்தான் நேரமாகிறது.

மாமா: ஏன், முதல் தடவை சரியாக வேகவில்லையா?

கார்த்தி: முறையே அதுதான். முதலில் மிதமான சூட்டில் வேகவிட்டு எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடியும் நல்ல சூட்டில் போடுவார்கள்.

மாமா: எங்கள் கம்பெனி வாசல் டீக்கடைக்காரரும் காலையில் மிஞ்சின பஜ்ஜிக்கு சாயங்காலம் இதையேதான் செய்வார். ஆனால் அவர் அதை வெளியே சொல்ல மாட்டார், வெட்கப்படுவார். இவர்கள் மெனு கார்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

கார்த்தி: ஐயோ, மிஞ்சினது இல்லை மாமா! தோலில் இருக்கிற ஈரமும் கொழுப்பும் ரெண்டாவது தடவைதான் முழுசாக வெளியே வரும். மாவும் வெறும் மைதா இல்லை, உருளைக்கிழங்கு மாவு சேர்ப்பார்கள். மேலே சாஸ் தடவினாலும் சீக்கிரம் நமத்துப் போகாது.

மாமா: சரி, ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை பொரித்தது இன்றைக்கா, நேற்றா? அதை மட்டும் கேட்டுச் சொல்.

(கோழி வந்தது. ஆறு துண்டு. சிவப்புச் சாஸ் ஒவ்வொரு துண்டின் இடுக்கிலும் இறங்கி, தட்டில் வழிந்து, மேலே வெள்ளை எள். ஓரமாக ஒரு கிண்ணத்தில் சதுரம் சதுரமாக வெட்டின முள்ளங்கி. கூடவே மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ரெண்டு ஜோடி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 1998-ல் கொரியக் கார் ஓட ஆரம்பித்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, அவற்றின் மேனேஜர்களுக்குச் சோறு போட ஹோட்டல்கள் வந்தன. இப்போது அந்த ஹோட்டல்களில் பாதிக்குப் பாதி நம் பிள்ளைகள் உட்கார்ந்து ஆளுக்கொரு மாமாவுக்குப் பாடம் எடுக்கிறார்கள்.)

கார்த்தி: இருங்கள், இருங்கள், தொடாதீர்கள். ஒரு சின்ன வீடியோ.

மாமா: சீக்கிரம் எடு. இல்லாவிட்டால் மூன்றாவது தடவை பொரிக்கக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கார்த்தி: ம், இப்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மாமா: எதற்கு, ஆபரேஷனா?

கார்த்தி: கொரியாவில் அப்படித்தான் சாப்பிடுவார்கள். சாஸ் கையில் ஒட்டும்.

மாமா: ஒட்டினால் நக்குவேன். கையுறையை நக்க முடியுமா? ஷிப்ட் முழுக்க, எட்டு மணி நேரம் இந்தக் கை கையுறைக்குள்தான் கிடந்தது மாப்ளே. சாப்பாட்டு நேரத்தில்தான் அதற்குக் காற்றே பட்டது. அதையும் பிடுங்குகிறாயா?

கார்த்தி: உங்கள் இஷ்டம். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஒரு கடி கோழி, அப்புறம் ஒரு துண்டு முள்ளங்கி. வினிகர், சர்க்கரையில் ஊறவைத்தது. எண்ணெய் திகட்டாமல் இருக்க.

மாமா: மாற்றினால் என்ன ஆகும், சியோலிலிருந்து ஆள் வருமா?

கார்த்தி: உண்மையில் இதோடு பீர் குடிக்க வேண்டும். கோழியும் பீரும் அங்கே ஜோடி. டேகு நகரத்தில் 2013-ல் இருந்து அதற்கென்றே தனியாகத் திருவிழா நடத்துகிறார்கள்.

மாமா: நம்மிடம் பீர் பகுதியை அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது. கோழியை மட்டும்தான் தனியாரிடம் விட்டிருக்கிறார்கள்.

(மாமா கடித்தார். மொறுக்கென்ற சத்தம் அடுத்த டேபிளுக்குக் கேட்டிருக்கும்.)

கார்த்தி: எப்படி?

மாமா: மொறுமொறுப்பு பிரமாதம். ரெண்டாவது தடவை பொரித்தவன் கெட்டிக்காரன்தான், எனக்கு முதல் ஆள் மேல்தான் சந்தேகம். ஆனால் காரம் என்றாயே, தித்திக்கிறதே?

கார்த்தி: இனிப்பும் காரமுமாகத்தான் இருக்கும். மிளகாய் விழுது, பூண்டு, சோயா சாஸ், சர்க்கரைப் பாகு. அதுதான் அவர்களுடைய கலாச்சாரம் மாமா. நீங்கள் சீரியல் பார்த்தால் தெரியும், வேலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து எவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள்! தெருவுக்குத் தெரு கோழிக்கடை.

மாமா: தெருவுக்குத் தெரு எப்படி வந்தது, சீரியலில் சொன்னார்களா?

கார்த்தி: ருசிதான், வேறென்ன?

மாமா: எங்கள் லைனில் ஒரு கொரிய சூப்பர்வைசர் இருந்தார். 1997 கடைசியில் அவர்கள் நாட்டில் டாலர் காலியாகி, சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.-இடம் கடன் வாங்கினார்கள், அதைத் தொடர்ந்து கம்பெனி கம்பெனியாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். டை கட்டி ஆபீஸ் போனவர்கள், கையில் வந்த பணத்தைப் போட்டுக் கோழிக்கடை திறந்தார்கள். பெரிய சமையல் தெரிய வேண்டாம், மாவும் சாஸும் பிரான்சைஸ்காரனே கொடுத்துவிடுவான். இவருடைய அண்ணன் பேங்க்கில் இருந்தவர், அவரும் ஒரு கடை வைத்தார். பக்கத்துக் கடையும் வேலை போனவர் வைத்தது, எதிர்க்கடையும் வேலை போனவர் வைத்தது. யார் யாருக்கு விற்பது?

கார்த்தி: (போனைக் கீழே வைத்துவிட்டு) அப்புறம்?

மாமா: அப்புறம் என்ன, மூடிவிட்டார். அங்கே வேலை போனவன் கோழிக்கடையாவது வைத்தான். இங்கே வேலை போனவன் அந்தக் கோழியை பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வாசலில் பெரிய பையோடு நிற்கிறானே, அவன் ஐ.டி.ஐ. ஃபிட்டர், என்னிடம்தான் அப்ரெண்டிஸாக இருந்தான். என்னையே எடுத்துக்கொள். வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பிவிட்டு, நன்றாக ஆறின பிறகு, அதே மெஷினுக்குக் கான்ட்ராக்டில் கூப்பிட்டார்கள். பாதிச் சம்பளம். ரெண்டு தடவை பொரித்தால்தான் பதம் வரும் என்று உனக்கு இப்போதுதான் தெரியும், எங்கள் ஹெச்.ஆருக்கு அப்போதே தெரியும்.

கார்த்தி: ...முள்ளங்கி எடுத்துக்கொள்ளுங்கள் மாமா.

மாமா: இப்போதா? வரிசை தப்பாதா?

(பில் வந்தது. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பில்லைத் தள்ளிப் பிடித்து, கீழிருந்து மேலாகப் படித்தார்.)

மாமா: சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதமா? தண்ணீர் யார் எடுத்து வந்தது?

கார்த்தி: நான்தான். இங்கே செல்ஃப் சர்வீஸ்.

மாமா: டிஷ்யூ?

கார்த்தி: நான்தான்.

மாமா: கையுறை போடு, அப்படிக் கடி, இப்படி மெல்லு என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்தது?

கார்த்தி: நான்தான் மாமா, விடுங்களேன்.

மாமா: தம்பி, இங்கே வாப்பா. இந்தப் பத்து சதவீதத்தை எடுத்துவிட்டு வேறு பில் போடு. இவனுக்கு நான் தனியாகக் கொடுத்துக்கொள்கிறேன்.