உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று யார் சொன்னது?

பதிவு போட்ட அரைமணி நேரத்தில் அதை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதியதில் தப்பு ஒன்றும் இருக்காது. நாலு லைக்தான் விழுந்திருக்கும். "நான் எழுதினதை யார் படிக்கப் போறாங்க" என்று தன்னையே திட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள். அதே ஆள், நண்பரின் பதிவுக்கு நாலே லைக் என்றால் ஓடிப்போய், "நல்லா எழுதறீங்க, நிறுத்திடாதீங்க" என்று எழுதுவார். அந்தக் கனிவில் கொஞ்சம்கூடத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003-இல் தற்பரிவு, அதாவது தன்மேல் தானே பரிவு காட்டுவது பற்றி எழுதியபோது அதில் மூன்று அம்சங்களைச் சொன்னார். தன்னிடம் கனிவாக இருப்பது, வலியை ஊதிப் பெருக்காமல் உள்ளபடி பார்ப்பது, இந்த வலி எல்லா மனிதருக்கும் உண்டு என்று உணர்வது. முதல் இரண்டையும் பழகப் பழகப் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் சமூக ஊடகத்தில் அடிபட்டுப் போகிறது என்பது என் எண்ணம்.

ஏனென்றால் மற்றவர்களின் வலி அங்கே நம் கண்ணில் படுவதே குறைவு. வேலை கிடைத்த செய்தி வருகிறது, அதற்கு முன்னால் வந்த நிராகரிப்பு மின்னஞ்சல்கள் வருவதில்லை. திருமண நாள் படம் வருகிறது, முந்தின ராத்திரி இருவரும் பேசாமல் படுத்தது வருவதில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு ஊரே ஜெயித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். தோற்றது தான் ஒருவர் மட்டுமே என்றும் தோன்றும். அடுத்தவரோடு ஒப்பிட்டு மனிதர் தன்னை மதிப்பிடுகிறார் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார். அது மனித சுபாவம், அதில் குற்றமில்லை. ஆனால் 2009-இல் பேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தபின் அந்த மதிப்பீடு எண்ணாகி எல்லோர் கண்ணிலும் படுகிறது.

"இப்படித் தன்னைத்தானே தட்டிக்கொடுத்தால் சோம்பேறி ஆகிட மாட்டோமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பிரைன்ஸ், சென் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்றில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் "உங்களிடமே பரிவாக இருங்கள்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தது அவர்கள்தான். தன்னைத் திட்டிக்கொண்டால்தான் முன்னேற முடியும் என்று நம்மில் பலர் நம்பி வளர்ந்திருக்கிறோம். அந்த நம்பிக்கையை விட்டுவிடலாம் என்றே நினைக்கிறேன்.

லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்கும் வசதி இன்ஸ்டாகிராமில் 2021 முதல் இருக்கிறது. பயன்படுத்துங்கள், கொஞ்சம் உதவும். ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். சறுக்கினதை நெருங்கிய ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிவாகப் போட வேண்டிய அவசியமே இல்லை, போன் போட்டுப் பேசினால் போதும். "அட, எனக்கும் அப்படித்தான்" என்று அந்தப் பக்கத்திலிருந்து வர வாய்ப்பு அதிகம். அப்புறம் உங்கள் பதிவை அழிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொள்ளலாம்.