பிச்சாவரம் காடும் தப்பிய ஊர்களும்

2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, ஆகவே காடுதான் காப்பாற்றியது என்று, தப்பிய ஊர்களைப் பட்டியலிட்ட ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கடலூர்க்காரனான எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குப்பங்களை வைத்து கதிரேசன், ராஜேந்திரன் என்ற ஆய்வாளர்கள் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மரப்பரப்பு அதிகமுள்ள இடத்தில் உயிரிழப்பு குறைவு என்றது அது. சரி. மறு வருடமே கெர், பெயர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அதே புள்ளிவிவரத்தை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடு, இந்த இரண்டையும் முதலில் சேர்த்துக்கொண்டால், ஊருக்கு ஊர் உயிரிழப்பு மாறியதில் மரப்பரப்பு கூடுதலாக விளக்கியது 1 சதவீதத்துக்கும் குறைவு! மேடாகவும் உள்ளே தள்ளியும் இருக்கிற இடத்தில் மரமும் அதிகம், சாவும் குறைவு. அப்படியிருக்க, மரத்தால்தான் சாவு குறைந்தது என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகும் ஆய்வாளர்களிடையே வாதம் ஓய்ந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

காடு வேண்டாம் என்று சொல்லவில்லை (உடனே சண்டைக்கு வராதீர்கள்). மீன்குஞ்சுக்கும் நண்டுக்கும் அது வேண்டும். ஆனால் முன்னால் சவுக்கு மரம் வைத்துவிட்டோம், இனி கரையை ஒட்டியே வீடு கட்டலாம் என்று யாராவது கிளம்பினால்தான் ஆபத்து.

தப்பிய ஊர்களைப் பட்டியலிட்ட அந்தக் கட்டுரையாளர், காடே இல்லாமல் தப்பிய மேட்டு ஊர்கள் உண்டா, காடு இருந்தும் அடிபட்ட தாழ்வான ஊர்கள் உண்டா என்பதையும் விசாரித்து எழுதட்டும்.