ஒரே டி-ஷர்ட், மூன்று செஸ்ட்

திருப்பூரில் ஆன்லைன் வியாபாரம் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு ரிட்டர்னில்தான் போய் நிற்கிறது. தையல் விட்டது, சாயம் போனது என்று திரும்பி வந்தால் அது நம் தப்பு, விடுங்கள். சரக்கு சுத்தமாக இருந்தும் திரும்பி வருகிறதே, அதைத்தான் சொல்கிறேன். நான் பார்த்தவரை அதில் பாதிக்குமேல் ஒரே சரக்கை நாலு தளத்தில் நாலு விதமாக எழுதி வைப்பதால் வருகிற வினை.

ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டை டேபிளில் விரித்து, கைக்குழிக்குக் கீழே டேப் வைத்தால் 20 அங்குலம். சுற்றளவு 40. நெஞ்சளவு 38 உள்ளவர் போட்டால் பதமாக நிற்கும். மூன்று எண்ணுமே சரிதான். ஆனால் ஒரு தளத்தில் ‘செஸ்ட்’ என்றால் உடம்பின் அளவு, இன்னொன்றில் துணியின் சுற்றளவு, வேறொன்றில் விரித்த அகலம். தலைப்பு மட்டும் எல்லாவற்றிலும் ‘செஸ்ட்’. லிஸ்டிங் போடுகிற, அதாவது சரக்கு விவரத்தைத் தளத்தில் ஏற்றுகிற பையன் இதிலிருந்து அதற்குக் காப்பி பண்ணுவான். 40 நெஞ்சுக்காரர் வாங்கிப் போட்டுப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று திருப்பிவிடுவார். போக வர கூரியர் காசு பெரும்பாலும் நம் தலையில்.

உள் பனியன் இதற்கு நேர் எதிர். 85, 90, 95 என்று நாம் போடுவது போடுகிறவரின் நெஞ்சளவு, சென்டிமீட்டரில். ரிப் துணி விரிந்து கொடுக்கும். அதனால் பனியனை அளந்தால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். டேப் வைத்துப் பார்த்து ‘ஏமாத்திட்டாங்க’ என்று ஒற்றை ஸ்டார் போடுபவர் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. எதன் அளவு என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

“எல்லாத்துலயும் ஒரே மாதிரி எழுதிட்டா தீர்ந்துச்சுங்ளே” என்பார்கள். தீராது. தளத்துக்குத் தளம் நிரப்ப வேண்டிய கட்டம் வேறு. நிறத்தைக்கூட அவர்கள் லிஸ்ட்டில் இருந்துதான் எடுக்க வேண்டும். ராமர் பச்சை, கிளிப்பச்சை எல்லாமே அங்கே கிரீன். பெயர் எப்படியோ போகட்டும். அளந்தது மாறக்கூடாது: எத்தனை சதவீதம் காட்டன், எத்தனை லைக்ரா, ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துணி) என்ன, எந்த இடத்தில் அளந்தது, பாக்ஸில் எத்தனை பீஸ். இதெல்லாம் நம்மிடம் ஒரே ஷீட்டில் இருந்து, எல்லாத் தளத்துக்கும் அங்கிருந்தே போக வேண்டும்.

பார்கோடு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த 13 இலக்கம் இது இன்ன சரக்கு என்று காட்டும், அவ்வளவுதான். (890-இல் ஆரம்பித்தால் இந்தியாவில் செய்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. நம்பரைக் கொடுத்தது பார்கோடு நம்பர் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா என்பதுதான் அதற்கு அர்த்தம்.) 5 சைஸ், 6 நிறம் என்றால் 30 நம்பர் வேண்டும், மூன்று பீஸ் பாக்ஸ் போட்டால் அதற்குத் தனி. இங்கேதான் நம்மவர்கள் சிக்கனம் பிடிப்பார்கள். ஒற்றைப் பீஸ் நம்பரையே பாக்ஸுக்கும் ஒட்டிவிடுவார்கள். ஒரே நம்பர் என்றால் ஒரே விற்பனைப் பக்கமாகச் சேர்த்துவிடுகிற தளத்தில், ஒரு பீஸ் விலைக்கு பாக்ஸ் ஆர்டர் வந்து நிற்கும்.

இத்தனைக்கும் இது நமக்குத் தெரியாத வேலையா? எக்ஸ்போர்ட் ஆர்டர் என்றால் பையர் அனுப்புகிற ஸ்பெக் ஷீட்டில், கைக்குழியிலிருந்து எவ்வளவு கீழே டேப் வைப்பது, எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதுவரை இருக்கும். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் அதைத் தாண்டினால் பீஸ் ஓரமாகப் போய்விடும். வெளிநாட்டுக்காரனுக்கு அரை சென்டிமீட்டர் கணக்குப் பார்க்கிற அதே கம்பெனியில், உள்நாட்டு லிஸ்டிங் போடுகிறவர் கட்டிங் செக்‌ஷன் பக்கம் எட்டிப் பார்த்ததே இருக்காது. ஷீட் அங்கே மாஸ்டர் டேபிளில் கிடக்கும்.

தளங்களும் சும்மா தப்பிக்க முடியாது. உடம்பா, துணியா, விரித்த அகலமா என்று கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி போட அவர்களுக்கு என்ன செலவு? அதுவரை, எந்தத் தளத்தில் ‘செஸ்ட்’ என்றால் எது என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். வேண்டும் என்கிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.